பீரோவுக்குப் பின்னாடி பவுனு

கிளட்சை மெதுவா விடுங்க சார். மெதுவா. மெதுவான்னு சொல்றேன்ல... சரி, நின்னுருச்சு. பரவால்ல. சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. பின்னாடி ஆரன் அடிக்கிறவன் அடிச்சுக்கிட்டுத்தான் இருப்பான், அவன் அப்பன் வீட்டு ரோடா இது? காலைல பத்து மணி ஆனாப் போதும், ஊருக்கே எங்கயோ தீப்பிடிச்ச மாதிரி அவசரம். உங்களை வையலை சார். எந்தொண்டையே இப்படித்தான். பதினாறு வருசமா டிரைவிங் ஸ்கூல் வண்டியில இதே சீட்டுல உக்காந்து கத்திக் கத்தி, மெதுவாப் பேசுற நரம்பே அத்துப் போச்சு. முதல் கியர். ம். இப்ப விடுங்க. பாத்தீங்களா, போகுதுல்ல!

இன்னைக்குக் கொஞ்சம் கூடவே கத்துவேன், பொறுத்துக்கங்க. மனசு சரியில்ல. என்னன்னு நீங்க கேக்க மாட்டீங்க, தெரியும். பத்து கிளாஸ் முடிஞ்சு போச்சு, "சரிங்க மேடம்"ங்கிறதைத் தாண்டி உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரல. ரிட்டயர் ஆகுறவரைக்கும் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்தீங்கன்னு உங்க வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். எப்படித்தான் எடுத்தீங்களோ. நானே சொல்றேன், கேளுங்க. எங்க வீட்டுல ஒரு பூனை இருக்கு. பதினோரு மணிக்கு அது போயிரும். குடுத்த பொண்ணே வந்து திருப்பி எடுத்துக்கிட்டுப் போகுது. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். போகட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. ரைட்ல இண்டிகேட்டர் போடுங்க. அது வைப்பர் சார்.

அந்தப் பொண்ணு பேரு நிரஞ்சனா. எங்கிட்ட வண்டி கத்துக்கிட்ட பிள்ளைதான். முத நாள் இந்தச் சீட்டுல வந்து உக்காந்தப்ப ஸ்டியரிங்கைத் தொடவே பயந்துச்சு. எங்கிட்ட ஒரு முறை இருக்கு சார். யாரு ரொம்பப் பயப்படுறாங்களோ, அவங்களை முத நாளே கோரிப்பாளையம் சிக்னலுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நாலு பக்கமும் பஸ்சு, ஆட்டோ, தள்ளுவண்டி, குறுக்க ஓடுற ஆளுன்னு மொத்தமாப் பாத்துட்டா, அதுக்கு மேல பயப்பட என்ன இருக்கு? மத்த ஸ்கூல்ல மைதானத்துல பத்து நாளு வட்டம் போட வைப்பாங்க. அதெல்லாம் நாளைக் கடத்துற வேலை. நிரஞ்சனா சிக்னல்ல வண்டியை நிறுத்திட்டு ஓன்னு அழுதுச்சு. நான் விடலையே. இருபத்தஞ்சு கிளாஸ்ல லைசென்சு. இப்பவும் ஸ்கூட்டிலதான் போகுது, அது வேற விசயம். காருக்குள்ள ஏதோ வாடை ஒத்துக்கலையாம்.

அந்தப் பொண்ணுக்கு ரோட்டுல கெடக்குற பூனையெல்லாம் தூக்கிட்டு வந்து, வைத்தியம் பாத்து, ஊசி போட்டு, நல்ல வீடாப் பாத்துக் குடுக்குறதுதான் வேலை. ஒரு நாளு எங்க ஆபீசுக்கு வந்துச்சு. "அக்கா, ஒரு பூனை இருக்கு. மெக்கானிக் செட்டுல ஒரு கார் எஞ்சினுக்குள்ள புகுந்து உக்காந்துருச்சு. வெளிய எடுக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. ரொம்பப் பயந்த பூனை. ரெண்டு வீட்டுல வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க"ன்னு சொல்லுச்சு. எனக்கு உடனே தோணுச்சு. பயந்ததுகளைத் தேத்துறதுதான எந்தொழிலே? குடு எங்கிட்டன்னேன். அது என் மூஞ்சியைப் பாத்துச்சு. "அக்கா, நீங்களா?"ன்னு கேட்டுச்சு. ஏன் கேட்டுச்சுன்னு எனக்கு இன்னைவரைக்கும் தெரியல. அப்புறம் ஒரு தாள்ல கையெழுத்து வாங்குச்சு. ஒரு மாசம் பாக்குறது, ஒத்து வரலைன்னா ரோட்டுல விட்டுறக் கூடாது, அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணணும். அதான் ஒப்பந்தம்.

ரெண்டாவது கியருக்கு மாத்துங்க. கீழ பாக்காதீங்க, கை தானாத் தேடிக்கும். நான் மாத்திட்டேன், விடுங்க.

பூனைன்னா பூனை, அப்படி ஒரு பூனை. மஞ்சளும் வெள்ளையுமா, மூக்கு நுனியில மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. பொட்டை. நான் பவுனுன்னு பேரு வச்சேன். கூடையைத் தொறந்தேன் பாருங்க, ஒரு மஞ்சக் கோடு போன மாதிரி இருந்துச்சு. பீரோவுக்குப் பின்னாடி போயிருச்சு. எங்க வீடு செல்லூர்ல, ரெண்டே ரூம்பு. அந்தப் பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல உள்ளங்கை அகலம்தான் இடம். அதுக்குள்ள எப்படிப் போச்சுன்னே தெரியல. நான் தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பாக்குறேன், ரெண்டு கண்ணு மட்டும் தெரியுது. "பவுனு, வாடி, அம்மாட்ட வா"ங்கிறேன். புஸ்ஸுங்குது.

நிரஞ்சனா சொல்லிட்டுத்தான் போச்சு. "அக்கா, சத்தம் வேணாம். நீங்களாத் தொடாதீங்க. உத்துப் பாக்காதீங்க. அதுவா வரட்டும்." இதைச் சொல்லத் தெரியுது அந்தப் பிள்ளைக்கு. நான் எத்தனை பயந்தாங்கொள்ளியைப் பாத்திருப்பேன்! அதுவா வரட்டும்னு விட்டா, யாராவது இந்த ஊருல வண்டி ஓட்டிருப்பாங்களா? நான் என் முறையைத்தான் போட்டேன். மூணாவது நாளே எங்க தெருப் பொம்பளைக பத்துப் பேரைக் கூப்புட்டேன். வடை சுட்டேன், காப்பி போட்டேன். எல்லாரும் பீரோவுக்கு முன்னாடி பாயை விரிச்சு உக்காந்து ரெண்டு மணி நேரம் பேசுனோம், சிரிச்சோம். ஆடி மாசம் வேற. மாரியம்மன் கோயில் ரேடியோ குழாயை எங்க வாசல் கம்பத்துலதான் கட்டியிருந்தாய்ங்க. நல்லதுதான், பழகட்டும்னு ஜன்னலையும் தொறந்து விட்டேன்.

அதுக்கப்புறம் மூணு நாளு சார். மூணு நாளு அது வெளிய வரல. சாப்புடல. மூத்திரம்கூட அங்கனயே.

நீங்க ஏன் சார் இப்படிப் பாக்குறீங்க? ரோட்டைப் பாருங்க. பாலம் வரப்போகுது, லெஃப்ட்ல ஒட்டிப் போங்க.

நாலாவது நாளு எனக்குப் பொறுக்கல. செத்துக் கித்துப் போச்சுன்னா? பீரோவை நகட்டி, துண்டைப் போட்டு அமுக்கி, வெளிய இழுத்தேன். மடியில வச்சுத் தடவிக் குடுத்தா சரியாப் போயிரும்னு பாத்தேன். இந்தா பாருங்க கையை, முழங்கை வரைக்கும் கோடு கோடா... நீங்க பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க! ஆஸ்பத்திரில ஊசி போட்ட நர்சம்மா, "வீட்டுப் பூனையா இது?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு.

சரி, அன்பாத்தான் போவோம்னு முடிவு பண்ணேன். காலைல அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு, மார்க்கெட்டுக்குப் போயி, மத்தி மீனு வாங்கிட்டு வந்து, முள்ளெடுத்து, உப்பு மிளகாய் இல்லாம அவிச்சு வைப்பேன். முத நாளு கிண்ணம் காலி. எனக்குச் சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம். அப்புறம் பாத்தா எங்க வீட்டுக்காரரு, "இன்னைக்கு மீனு ஏன் சப்புன்னு இருந்துச்சு?"ங்கிறாரு. சொல்லிட்டுத்தான வைக்கணும்ங்கிறாரு. கீழ தரையில, பூனைக் கிண்ணத்துல வச்சதை எடுத்துத் தின்னுட்டு சொல்லிட்டு வைக்கணுமாம். அவரு ரயில்வே தபால்ல சார்ட்டிங் பாத்து ரிட்டயர் ஆனவரு. ஊரு ஊராக் கடுதாசியைப் பிரிச்சுப் போட்ட மனுசனுக்கு இது யாருக்கு வச்சதுன்னு தெரியல.

பிரேக்! பிரேக் சார்! நான் புடிச்சிட்டேன், விடுங்க. ஒண்ணும் ஆகல. எங்கால்லயும் ஒரு கிளட்சும் பிரேக்கும் இருக்குல்ல, பெறகு என்ன பயம் உங்களுக்கு? நான் இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. போங்க.

நிரஞ்சனாட்ட போன்ல கேட்டேன். "பக்கத்துல உக்காந்து ஏதாவது புஸ்தகம் படிங்கக்கா, உங்க குரல் பழகும்"னுச்சு. என் வீட்டுல ஏது புஸ்தகம்? எல்.எல்.ஆர் பரீட்சைக்குக் குடுக்குற சாலை விதி புஸ்தகம்தான் இருக்கு. பீரோவுக்குப் பக்கத்துல உக்காந்து அதையே வாசிச்சேன். "பாதசாரிகள் கடக்கும் இடத்தில் வாகனத்தை நிறுத்தி வழிவிட வேண்டும். எங்க, சொல்லு பாப்போம்?" பழக்க தோசம் சார், கேள்வி கேக்காம எனக்கு வாசிக்க வராது. எதுத்த வீட்டுல இருந்து ஆளு வந்து, யாரை வையிறீங்கன்னு கேட்டுட்டுப் போச்சு.

அப்புறம் நிரஞ்சனா கண்ணைச் சிமிட்டச் சொல்லுச்சு. பூனையைப் பாத்து மெதுவாக் கண்ணை மூடி, மெதுவாத் தொறக்கணுமாம். அப்படிச் செஞ்சா, உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்னு அதுக்கு அர்த்தமாம். நானும் தரையில படுத்துக்கிட்டு மூடித் தொறந்து, மூடித் தொறந்து... "மெட்ராஸ் ஐ-யா? சொட்டு மருந்து வாங்கியாரட்டுமா?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு. அதோட அதையும் விட்டேன்.

கயிறும் கட்டிப் பாத்துட்டேன். கடையில விக்கிறாங்க, நெஞ்சோட சேத்து மாட்டுற வாரு. அதை மாட்டி, ஒரு முனையை என் கையில கட்டிக்கிட்டேன். எனக்கு இங்க ரெண்டு பெடல் இருக்குற மாதிரி அங்கயும் ஒண்ணு வேணும்ல? பீரோவுக்குப் பின்னாடி போகப் போனா இழுத்துக்கலாம். அது என்னா செஞ்சுச்சு தெரியுமா? அப்படியே ஒருக்களிச்சுச் சாஞ்சு விழுந்துருச்சு. அசையவே இல்ல. காலு நாலும் விறைச்சுக்கிட்டு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. அய்யோ கொன்னுட்டேனேன்னு அவசர அவசரமா வாரை அவுக்குறேன். அவுத்து முடிச்ச மறுநிமிசம் பீரோவுக்குப் பின்னாடி! நடிப்பு சார். அம்புட்டும் நடிப்பு. ஆனா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

மிக்ஸி போடுறதை நிறுத்திட்டேன். அம்மியிலதான் அரைக்குறேன். குக்கர் விசில் சத்தத்துக்கு அது தவிக்குதுன்னு வடிச்ச சோறுதான். டிவியில சத்தமே வைக்கிறது இல்ல, அவங்க வாயசைக்கிறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அது மூத்திரம் போற மண்ணை அள்ளிக் கொட்டுறது நானு. தண்ணி மாத்துறது நானு. இம்புட்டும் செஞ்சவளைக் கண்டா ஓடுது சார். நான் வீட்டுக்குள்ள கால் வச்சா அது பீரோவுக்குப் பின்னாடி கால் வைக்கும். இருபது நாளு, இருபத்தஞ்சு நாளு, ஒரு மாத்தமும் இல்ல. எங்கிட்ட வந்தவங்கள்ல இருபத்தஞ்சு நாள்ல தேறாத ஆளே கெடையாது. நீங்கதான் மொத ஆளா இருப்பீங்க போல.

கோவிச்சுக்காதீங்க. வெளையாட்டுக்குச் சொன்னேன். மூணாவது கியர் போடுங்க.

இதெல்லாம்கூடப் போகட்டும் சார். போன வியாழக்கெழமை நடந்ததைக் கேளுங்க. என் ஸ்கூட்டி பஞ்சரு. கடையில விட்டுட்டு நடந்து வீட்டுக்குப் போனேன். சத்தம் இல்லாம வந்தேன்ல, வாசல் ஜன்னல் வழியாத் தெரியுது. எங்க வீட்டுக்காரரு நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. அவரு காலுக்குப் பக்கத்துல பவுனு. நடு ஹாலுல சார்! காலை நீட்டி உக்காந்து, வயித்தை நக்கிக்கிட்டு இருக்கு, முதுகை அவரு கணுக்காலுல சாச்சுக்கிட்டு. இவரு அதைப் பாக்கக்கூட இல்ல. பேப்பரைத் திருப்புறாரு. அதுவும் இவரைப் பாக்கல. என்னமோ ரெண்டு பேரும் காலங்காலமாக் குடித்தனம் பண்ணுற மாதிரி.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பொய் சொல்லல, எரிஞ்சுச்சு. அந்த மனுசன் அதுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்திருப்பாரா? கதவைத் தள்ளுனேன். பவுனைக் காணோம். "என்ன மருந்து வச்சீங்க அதுக்கு?"ன்னு கேட்டேன். "நான் ஒண்ணுமே செய்யலையே தவமணி"ன்னாரு. "அது எனக்கும் தெரியும். என்னைக்கு நீங்க என்னத்தைச் செஞ்சிருக்கீங்க? உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்தா மரம்னு நெனைச்சு சாஞ்சிருக்கும்"னேன். அவரு பேப்பரை மடிச்சு வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு. அவருக்கு அதான் பழக்கம். நான் ஒண்ணு சொல்லிறக் கூடாது, மாடிக்குப் போயிருவாரு. வெயிலானாலும் சரி, தூறலானாலும் சரி. இருபத்தாறு வருசமா அந்த மாடியில என்னதான் இருக்கோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அப்பவே நிரஞ்சனாவுக்குப் போன் பண்ணிட்டேன். வந்து எடுத்துக்கிட்டுப் போ தாயி, எனக்கும் அதுக்கும் ஒத்து வரலன்னேன். திங்கக்கெழமை பதினோரு மணிக்கு வரேன்னுச்சு. அவரு மாடிப்படியில நின்னு, "இன்னும் கொஞ்ச நாளு பாக்கலாமே. ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட"ன்னாரு. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களுக்கென்ன, உங்க கால்ல வந்து உக்காருது"ன்னேன். அவரு மறுபடி மாடிக்கு ஏறிட்டாரு. இன்னைக்குத் திங்கக்கெழமை. அது கூடைக்குள்ள போறதைப் பாக்க வேணாம்னுதான் உங்க கிளாசைப் பத்து மணிக்கு மாத்தி வச்சேன். மணி என்ன ஆச்சு சார்? உங்க வாட்சைப் பாத்து... வேணாம் வேணாம், ரோட்டைப் பாருங்க. கோரிப்பாளையம் வந்துருச்சு. அந்த பஸ்சு வருது, விடுங்க. விடுங்க! இல்ல, போங்க, இப்பப் போங்க, கிளட்சு, கிளட்சு, ஆக்சிலேட்டரை ஏன் இந்த அமுக்கு அமுக்குறீங்க, விடுங்க நான் பாத்துக்கிறேன், ஸ்டியரிங்கை என் பக்கம் திருப்புங்க. திருப்புங்கன்னா!

ம். வந்துட்டோம்ல. இதுக்குப் போயி...

என்ன சார், ஏன் ஓரங்கட்டுறீங்க? நான் நிறுத்தச் சொல்லலையே. சாவியை ஏன் எடுக்குறீங்க? முகமெல்லாம் வேர்த்துப் போச்சே. தண்ணி குடிங்க, இந்தாங்க.

என்னது? சத்தமாச் சொல்லுங்க. பத்து நாளா நீங்க ஓட்டவே இல்லையா? பின்ன யாரு ஓட்டுனது? நானா? அட, ஆபத்துக்குத்தான சார் எங்கால்ல பிரேக்கு வச்சிருக்கு. உங்க உசுருக்காகத்தான் நான்... நீங்க அமுக்குறதுக்கு முன்னாடியே நான் அமுக்கிருறேனா? சரி, அமுக்கிருப்பேன். நாலஞ்சு தடவை. எப்பவுமேயா? எப்பவுமேன்னா சொல்றீங்க?

ம்.

சரி, சொல்லுங்க. என்ன செய்யணும் நான்? காலை எடுக்கணும். அப்புறம்? வாயை மூடிக்கிட்டு வரணும். நீங்க கேட்டா மட்டும் பேசணும். நல்லாருக்கு சார்! பதினாறு வருசத்துல எங்கிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்ல. உங்களுக்கு எம்பேருல கோவம். வயசுல பெரியவரு, நான் கத்துனது மனசுல தச்சிருக்கும். கோவம் இல்லையா? பயமா? என்னையப் பாத்தா? ரோட்டைப் பாத்துப் பயமில்ல, என்னையப் பாத்துத்தான் பயமா இருக்கா?

இந்தா, காலை எடுத்துட்டேன். பாத்துக்கங்க. செருப்பைக் கழட்டியாச்சு, சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்தாச்சு. கையையும் கட்டிக்கிட்டேன். போதுமா? எடுங்க வண்டியை. எங்க கொண்டு போயி முட்டுறீங்கன்னு பாத்துட்டுத்தான் எறங்குவேன்.

நான் பேசல.

அது இருமல் சார். இருமக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே.

லாரிக்காரன் வர்றான்... ஒண்ணும் இல்ல. போங்க. நீங்களே பாத்துட்டீங்க.

தல்லாகுளம் தாண்டிட்டீங்க சார். ஒரு தடவைகூட நிக்கல. இம்புட்டுத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா பத்து நாளா இப்படி ஒடுங்கி உக்காந்திருந்தீங்க? சரி, சரி. பேசல.

பதினொண்ணே காலு. என் போனைப் பாத்தேன். ரோட்டைப் பத்திப் பேசல சார், இதை மட்டும் சொல்லிக்கிறேன், விடுங்க. இந்நேரம் கூடையில போட்டிருக்கும். அந்தப் பொண்ணுக்குக் கை பழக்கம், கத்த விடாமப் போட்டுரும். மத்தி மீனு அவிச்சது கிண்ணத்துல இருக்கு, அதையும் குடுத்து விடச் சொல்ல மறந்துட்டேன். அடுத்த வீட்டுல போயி அது எந்தப் பீரோவைத் தேடும்? எனக்கு என்னா சார் பேராசை? மடியில படுன்னா கேட்டேன்? முகத்தை நக்குன்னா கேட்டேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரும் இழுக்காம, கயிறு இல்லாம, அதுவா வந்து எம்பக்கத்துல ரெண்டு நிமிசம் உக்காந்திருந்தாப் போதும். அந்த மனுசன் கால்ல சாஞ்சிருந்துச்சே, அந்த மாதிரி. எனக்கு ஆசையா இருந்துச்சு சார். அம்புட்டுத்தான். போகட்டும்னு நான் சொன்னது சும்மா. எனக்கு அது வேணும். நான்தான் வரச் சொன்னேன், என் வாயாலயே சொன்னேன்.

போனு அடிக்குது. நீங்க நிறுத்த வேணாம், போங்க.

அவரு. எங்க வீட்டுக்காரரு. அவரா எனக்குப் போன் பண்ண மாட்டாரே.

ஹலோ. சொல்லுங்க. எடுத்துட்டுப் போயிருச்சா? இல்லையா? ஏன்? அந்தப் பொண்ணு வரலையா? வந்துருச்சு. பெறகு என்ன? தூங்குதா? யாரு, பவுனா? எங்க? பீரோவுக்குப் பின்னாடியா? பின்ன? கொடியில இருந்து இழுத்து... என் சேலையா? எந்தச் சேலை? நேத்துக் கட்டுனது. அது வேர்வை நாத்தம் புடிச்சது, தொவைக்கப் போடணும்னு கொடியில போட்டுட்டு வந்தேன்.

அதுலயா படுத்திருக்கு?

தெனமுமா? எப்ப? நான் வாசலைத் தாண்டி, ஸ்கூட்டி சத்தம் தெரு முக்குத் திரும்புனதும்? எம்புட்டு நாளா? வந்த ரெண்டாவது வாரத்துல இருந்தா? என் துணியை எங்க போட்டாலும் தேடிப் போயிப் படுக்குதா? என் தலையணை உறையை மாத்துனா அன்னைக்கெல்லாம் கத்துதா? நான் வர்ற நேரத்துக்கு ஓடிருதா?

ஏன் சொல்லல எங்கிட்ட? இம்புட்டு நாளா, ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

என்னது? நான் எப்ப... நான் எப்ப உங்களைப் பேச விடல? அன்னைக்கு மாடிப்படியில நின்னு சொல்ல வந்தது இதானா?

ம். ம். இருக்கேன். லைன்லதான் இருக்கேன். ஒண்ணும் இல்ல, தூசி. அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? எழுப்ப மனசு வரலையாமா? கூடையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சா? விட்டுட்டா? எனக்கே விட்டுட்டா போகுது? என்னங்க, குடுத்துறாதீங்க. யாரு வந்து கேட்டாலும் குடுத்துறாதீங்க. நீங்க பக்கத்துல போகாதீங்க. இல்ல, உங்களை வையலங்க. நீங்க எங்க உக்காந்திருக்கீங்களோ அங்கயே உக்காந்திருங்க. நீங்க அப்படியே இருங்க. வைக்கிறேன்.

சார். கேட்டீங்களா சார்? என் சேலையிலயாம். நான் வீட்டுல இல்லாதப்ப எம்மேல அம்புட்டு ஆசை. நான் உள்ள போனா மட்டும் ஆகாது. இதை என்னன்னு சொல்றது? சந்தோசப்படுறதா, எங்கிட்டாவது போயி முட்டிக்கிறதா? சொல்லுங்க சார், நீங்க படிச்சவரு. சொல்ல மாட்டீங்க. சரி.

வண்டியைத் திருப்புங்க. செல்லூருக்கு விடுங்க, நான் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருறேன். அங்கன ஒரு வளைவு இருக்கு, அதுல ரைட்டு எடுத்தாப் போதும். ஜன்னல்ல நின்னு பாத்துட்டு வந்துருவேன், உள்ளகூடப் போக மாட்டேன். என் சேலையில அது எப்படிப் படுத்திருக்கும்னு நான் பாக்கணும் சார்.

இல்ல, நில்லுங்க. திருப்பாதீங்க. தெரு முக்குல என் செருப்புச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு ஓடிரும். நேராவே போங்க சார். மாட்டுத்தாவணி போயி, ரிங் ரோட்டைப் புடிச்சு, உங்க இஷ்டத்துக்கு ஓட்டுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அது தூங்கட்டும்.